கூகுளில் பக்கத் தலைப்பு சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

குமுளி, கம்பம், கூடலூர், போடி வட்டாரத்தில் ஏலக்காய்க் கடை, ஹோம்ஸ்டே, ஜீப் சவாரி, திராட்சைத் தோட்டம் என்று தொழில் நடத்துகிற பலர் இப்போது சொந்தமாக வலைத்தளம் வைத்திருக்கிறார்கள். படங்கள் அழகாக இருக்கின்றன, போன் நம்பர் பெரிதாக இருக்கிறது. ஆனால் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது இவை எதுவும் இல்லை. தேடல் முடிவில் வருகிற அந்த ஒரு வரித் தலைப்புதான். அதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. தளம் முடிகிற நேரத்தில் யாரோ போட்ட 'முகப்பு' என்ற சொல் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் இந்த ஊர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. மதுரையிலிருந்து கிளம்புகிறவர் தமிழில் தேடுகிறார், கோட்டயத்திலிருந்து வருகிறவர் மலையாளத்தில், தேக்கடியில் படகு ஏற வரும் வெளிநாட்டுக்காரர் ஆங்கிலத்தில். மூன்று பேரையும் ஒரே வரியில் பிடித்துவிட வேண்டும் என்று நினைக்கும்போதுதான் தலைப்பு கெட்டுப்போகிறது. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஆசையிலிருந்து வருபவை. என்ன கிடைக்கும், எந்த ஊரில், அந்தப் பக்கத்தின் மொழியில்: இந்த மூன்றுக்கு மேல் ஒரு தலைப்பு சுமக்க வேண்டியதில்லை.

கை வைப்பதற்கு முன்

தலைப்பு என்று நாம் சொல்வது மூன்று இடத்தில் இருக்கிறது. பக்கத்தின் நிரலில் மேலே இருக்கும் டைட்டில் டேக். பிரவுசர் டேபில் தெரிவது இதுதான். அடுத்து, பக்கத்தைத் திறந்ததும் பெரிய எழுத்தில் தெரியும் தலைப்பு. இதை ஹெச்1 என்பார்கள். மூன்றாவது, கூகுள் தன் முடிவில் காட்டுவது. முதல் இரண்டும் உங்கள் கையில். மூன்றாவது கூகுளின் கையில்.

அதனால் எதையும் மாற்றும் முன் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினால் சோர்ஸ் தெரியும். அதில் டைட்டில் என்ற சொல்லைத் தேடுங்கள். பிறகு கூகுளில் சைட் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரி என்று தட்டினால் உங்கள் பக்கங்கள் மட்டும் வரும். கடைசியாக, சர்ச் கன்சோல். இது கூகுள் இலவசமாகத் தரும் கருவி. இது இல்லாமல் தலைப்பைத் திருத்துவது இருட்டில் தடவுவதுதான். அதில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் என்ற இடத்தில் பக்க முகவரியைப் போட்டால் கூகுள் கடைசியாக எந்தத் தேதியில் வந்து படித்தது என்று காட்டும்.

சரி, இனி அறிகுறிகள்.

"என் பக்கமே கூகுளில் வரவில்லை"

இது தலைப்புக் கோளாறு இல்லை. தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியது என்றால் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் அங்கே இருக்கும். தளம் கட்டும்போது போட்டதை எடுக்க மறந்துவிடுவது மிகச் சாதாரணம். அது இல்லையென்றால் தேடுபொறி எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் ஃபைலில் தடை இருக்கிறதா, பக்கத்தில் நோஇண்டெக்ஸ், அதாவது முடிவில் காட்டாதே என்ற குறிப்பு இருக்கிறதா என்று இன்ஸ்பெக்‌ஷனே சொல்லிவிடும். அதைத் தீர்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

"தலைப்பு கிறுக்கலாக வருகிறது"

கிறுக்கல் எப்படி இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து அர்த்தமில்லாமல் இருந்தால் அது பழைய எழுத்துரு. நோட்டீஸ் அடித்த டிடிபி ஃபைலிலிருந்து வரியை அப்படியே காப்பி செய்திருப்பார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில்தான் அது தமிழாகத் தெரியும். பக்கத்துக்குள் எழுத்துரு ஏற்றி மறைத்துவிடலாம். டைட்டில் டேகுக்கு எழுத்துரு ஏற்ற முடியாது, கூகுளும் அதை ஆங்கிலக் குப்பையாகத்தான் படிக்கும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நிறைய உண்டு. தலைப்பு மட்டும் போதாது, பக்கம் முழுவதையும் மாற்றுங்கள்.

மேலே சாய்கோடு போட்ட ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ என்று வரிசையாக வந்தால் எழுத்து யூனிகோடுதான், அதைப் படிக்கும் முறை தவறு. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா வரி இல்லை, அல்லது டைட்டிலுக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது. அந்த வரி ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். ஹெட் பகுதி திறந்த உடனே அதைப் போட்டு, அதற்கடுத்து டைட்டிலை வையுங்கள்.

வெறும் கேள்விக்குறிகள் வந்தால் அதுதான் மோசமான நிலை. தளத்தின் எழுத்தையெல்லாம் சேமிக்கும் டேட்டாபேஸ் தமிழை ஏற்காமல் ஒவ்வோர் எழுத்தையும் கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டது. மூல எழுத்து உள்ளேயே இல்லை, எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. டேட்டாபேஸை யூடிஎஃப்8எம்பி4 வகைக்கு மாற்றிவிட்டு, புதிதாகத் தட்டச்ச வேண்டும். மாற்றாமல் தட்டச்சினால் மறுபடி கேள்விக்குறிதான்.

இன்னொரு வகை, கண்ணுக்குத் தெரியாதது. 'ஏலக்காய்' என்று பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் தட்டச்சியவர் துணைக்காலுக்குப் பதில் 'ர' போட்டு 'ஏலக்கரய்' என்று அடித்திருப்பார். சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. 'கௌ' என்பதை 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடிப்பதும் இதே ரகம். உங்கள் தலைப்பில் இருக்கும் சொல்லை அங்கிருந்து காப்பி செய்யாமல் போனில் புதிதாகத் தட்டி, பக்கத்துக்குள் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் உள்ளே பிழை இருக்கிறது.

"நான் எழுதியது ஒன்று, கூகுள் காட்டுவது வேறு"

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் கோபப்படுவது இதில்தான். கூகுள் டைட்டில் டேகை மட்டும் பார்ப்பதில்லை. ஹெச்1, பக்கத்தில் பெரிதாகத் தெரியும் மற்ற எழுத்து, பகிர்வுக்கான ஓஜி டைட்டில், மற்ற பக்கங்கள் உங்களுக்குக் கொடுக்கும் இணைப்பில் உள்ள சொற்கள் ஆகியவற்றிலிருந்தும் எடுக்கும். 2021 ஆகஸ்டில் இந்த முறையைப் புதிதாக மாற்றியபோது உலகம் முழுக்கப் புகார் எழுந்தது. அதற்கடுத்த மாதம் கொஞ்சம் திருத்தி, 87 சதவீதம் அளவுக்கு டைட்டில் டேகையே பயன்படுத்துகிறோம் என்று கூகுள் சொன்னது. அதாவது, மாற்றுவது விதிவிலக்கு. உங்கள் தலைப்பை மாற்றியிருந்தால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, மாற்றியதா அல்லது இன்னும் வந்து படிக்கவில்லையா என்பது. இன்ஸ்பெக்‌ஷனில் கடைசி வருகைத் தேதி நீங்கள் திருத்திய நாளுக்கு முந்தையது என்றால் காத்திருங்கள். மறுபடி வந்து படிக்கச் சொல்லும் ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும். திரும்பத் திரும்ப அழுத்தினால் வேகமாக வராது.

படித்துவிட்டுத்தான் மாற்றியிருக்கிறது என்றால், நம் பக்கத்துத் தளங்களில் நான் அதிகம் பார்க்கும் காரணம் எழுத்துக் கலப்பு. பக்கம் முழுக்கத் தமிழ். தலைப்பு மட்டும் ஆங்கில எழுத்தில் 'குமுளி ஏலக்காய் கடை'. ஜனங்கள் போனில் தங்கிலீஷில்தானே தட்டுகிறார்கள், அதனால் தலைப்பையும் அப்படி வைத்தால் லாபம் என்று ஒரு கணக்கு. 2022-இல் கூகுள் இதற்கென்றே ஒரு மாற்றம் கொண்டுவந்தது. தலைப்பின் மொழியோ எழுத்தோ பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், பக்கத்தின் எழுத்துக்குப் பொருந்தும் வேறொரு தலைப்பைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ்த் தலைப்பே வையுங்கள். தங்கிலீஷில் தேடுகிறவருக்குத் தமிழ்ப் பக்கம் காட்டுகிற வேலையைக் கூகுள் பல இடங்களில் தானே செய்துவிடுகிறது. கடைப் பெயர் ஆங்கிலத்தில் பதிவானது என்றால் அது ஒன்று மட்டும் இருக்கலாம், தப்பில்லை.

அடுத்தது, காலாவதியான தலைப்பு. 'சபரிமலை சீசன் 2022 - அறைகள்' என்று எழுதிவிட்டு, உள்ளே வருஷாவருஷம் கட்டணத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் தெரிகிற தலைப்பு இந்த வருஷத்தைச் சொன்னால் கூகுள் அதை எடுத்துக்கொள்ளும். இன்றைய ஏலக்காய் விலை போடும் பக்கங்களிலும் இதே கதை. புற்றடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் முடிந்ததும் உள்ளே விலை மாறும். தலைப்பில் பழைய தேதி அப்படியே நிற்கும். நாள்தோறும் தலைப்பை மாற்ற ஆள் இல்லையென்றால் தேதியைத் தலைப்பில் வைக்கவே வேண்டாம். 'இன்றைய ஏலக்காய் விலை - புற்றடி, போடி ஏலம்' என்று வைத்து, தேதியைப் பக்கத்துக்குள் முதல் வரியில் போடுங்கள்.

மூன்றாவது காரணம், திணிப்பு. 'தேக்கடி ஹோம்ஸ்டே, குமுளி ஹோம்ஸ்டே, பெரியாறு ஹோம்ஸ்டே, இடுக்கி ஹோம்ஸ்டே' என்று அடுக்கினால் கூகுள் மொத்தத்தையும் ஓரமாக வைத்துவிட்டு உங்கள் ஹெச்1-ஐ எடுக்கும். அந்த ஹெச்1 'வரவேற்கிறோம்' என்றிருந்தால் முடிவில் அதுதான் நிற்கும். ஒரு முறை சொன்ன ஊர்ப் பெயரை இன்னொரு முறை சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. இதோடு சேர்த்து ஒன்று: கீவேர்ட்ஸ் மெட்டா டேகில் ஐம்பது சொற்களை நிரப்பித் தருவதற்கு இன்னும் பணம் வாங்குகிறார்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை ஒரு நல்ல போட்டோகிராபருக்குக் கொடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் சோர்ஸில் டைட்டில் டேக் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். தீம் ஒன்றை எழுதும், தேடலில் மேலே வர உதவும் என்று சேர்க்கும் எஸ்இஓ ப்ளகின் இன்னொன்றை எழுதும். ஒன்றை மட்டும் விட்டு மற்றதை நிறுத்துங்கள்.

"தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளி வருகிறது"

60 எழுத்துக்குள் வை என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஆங்கிலத்துக்கான தோராயக் கணக்கு. கூகுள் எழுத்து எண்ணிக்கையில் எந்த வரம்பும் வைக்கவில்லை. திரையில் இருக்கும் அகலத்தைப் பார்த்து வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை. 'ணை', 'ஞா' போன்றவை ஆங்கில எழுத்துகள் சிலவற்றின் இடத்தைத் தனியாகப் பிடிக்கும். அதற்கு மேல், எண்ணிக் காட்டும் கருவிகளும் தமிழில் குழம்பும். 'தேக்கடி' நமக்கு நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஏழு: த, ஏகாரக் குறி, க, புள்ளி, க, ட, இகரக் குறி. எனவே ப்ளகினில் வரும் சிவப்பு, பச்சை விளக்கை நம்பாதீர்கள். உங்கள் போனிலேயே தேடி, எங்கே வெட்டுகிறது என்று கண்ணால் பாருங்கள்.

வெட்டுப்படுவதே குற்றம் இல்லை. வெட்டுப்பட்ட இடத்துக்குப் பின்னால் என்ன போகிறது என்பதுதான் கேள்வி. நான் பார்த்த ஒரு தலைப்பின் அமைப்பு இது: வரவேற்கிறோம், கடைப் பெயர், குமுளி, தேக்கடி, இடுக்கி மாவட்டம், கேரளா, அதற்குப் பிறகு ஏலக்காய், மிளகு, கிராம்பு. சரக்கின் பெயர் வருவதற்குள் வரி தீர்ந்துவிட்டது. இதையே 'பச்சை ஏலக்காய் 8 மி.மீ. - குமுளியிலிருந்து கூரியரில்' என்று திருப்பினால் முதல் மூன்று சொல்லில் வேலை முடிந்தது. கடைப் பெயரைக் கடைசியில் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். தலைப்புக்கு மேலே தளத்தின் பெயரைக் கூகுள் தனியாகவே காட்டுகிறது. முகப்புப் பக்கத்தில் மட்டும் கடைப் பெயர் முன்னால் வரட்டும். பெயர் தெரிந்து தேடுகிறவர் அங்கேதான் வருவார்.

"போன் வருகிறது, ஆனால் வேறு ஊர்க்காரர்களிடமிருந்து"

இது எல்லைப் பகுதிக்கே உரிய கோளாறு. எஸ்இஓ பாடம் எடுக்கிறவர்கள் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூடலூர் இரண்டு உண்டு. தேனி மாவட்டத்தில், லோயர் கேம்ப் போகும் வழியில் ஒன்று, நீலகிரியில் இன்னொன்று. இரண்டுமே கேரள எல்லையை ஒட்டியவை, இரண்டு பக்கமும் மலைப்பாதை, இரண்டு இடத்திலும் தங்கும் விடுதிகள். 'கூடலூரில் குறைந்த கட்டண அறை' என்று தலைப்பு வைத்தால் ஊட்டிக்குப் போகிறவர்தான் பாதிப் பேர் அழைப்பார். "அண்ணே, முதுமலைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் கம்பத்துக்கும் இதே பாடு: கம்பத்தை ஆங்கிலத்தில் எழுதும் அதே எழுத்துக்கூட்டில் ஆந்திராவிலும் ஓர் ஊர் இருக்கிறது, பெரிய ஏரியோடு.

தீர்வு மாவட்டப் பெயர் சேர்ப்பது மட்டும் இல்லை. வருகிறவர் தன் பயணத்தில் எதைச் சொல்லி அந்த ஊரை அடையாளம் காண்கிறாரோ அதைச் சேருங்கள். 'தேனி கூடலூரில் அறைகள் - தேக்கடி போகும் வழியில்' என்றால் நீலகிரிக்காரர் தானே ஒதுங்கிக்கொள்வார், தேக்கடிக்காரர் தானே வருவார். மாவட்டம் அரசாங்கத்துக்கு, வழி பயணிக்கு.

சரக்கிலும் இப்படி ஒரு இரட்டைப் பெயர் இருக்கிறது. தன் காய் பருமனானது என்று சொல்ல 'பெரிய ஏலக்காய்' என்று தலைப்பு வைக்கிறார்கள். ஆனால் சிக்கிம் பக்கம் விளைகிற, பிரியாணிக்குப் போடும் பழுப்பு நிறக் காய்க்கும் அதே பெயர். அது வேறு சரக்கு. அதைத் தேடி வருகிறவர் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். 'பச்சை ஏலக்காய்' என்றும் 'மி.மீ.' அளவும் போட்டுவிட்டால் குழப்பம் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் குவரிகளைப் பாருங்கள். என்ன சொல்லைத் தட்டியவருக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்ற பட்டியல் அது. அதில் ஊட்டி, முதுமலை, ஏரி என்று தென்பட்டால் இந்தக் கோளாறுதான்.

"தமிழில் தேடினால் வருகிறது, மலையாளத்தில் தேடினால் இல்லை"

ஒரே தலைப்பில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் நெடுங்கோடு போட்டு எழுதுவது தீர்வு இல்லை. மூன்று மொழிக்கும் இடம் போதாமல் ஒன்றுகூட முழுதாகத் தெரியாது. மலையாளத்தில் வாடிக்கையாளர் வேண்டுமென்றால் மலையாளத்தில் தனிப் பக்கம் வேண்டும். அதற்கு மலையாள எழுத்தில் தனித் தலைப்பு. இரண்டையும் ஹெச்ரெஃப்லாங் என்ற குறிப்பால் ஒன்றுக்கொன்று இணைக்க வேண்டும். இது இரு பக்கத்திலும் இருந்தால்தான் செல்லும். தலைப்பை இயந்திரத்தில் மொழிபெயர்த்துப் போடாதீர்கள். நாம் குமுளி என்கிறோம், அவர்கள் குமளி என்கிறார்கள். இப்படிச் சின்னச் சின்ன இடங்களில் இயந்திரம் நம் எழுத்தை அப்படியே கொண்டுபோய் வைத்துவிடும். பக்கத்துக் கடைச் சேட்டனிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், போதும்.

"நிறைய பேருக்குக் காட்டுகிறது, யாரும் கிளிக் செய்வதில்லை"

சர்ச் கன்சோலில் சராசரி இடம் என்ன என்று முதலில் பாருங்கள். முப்பதாவது இடத்தில் இருந்தால் யாரும் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அங்கே தலைப்பை மெருகேற்றிப் பயனில்லை, பக்கத்துக்குள் விஷயம் சேர்க்க வேண்டும். முதல் பத்துக்குள் இருந்தும் கிளிக் இல்லை என்றால்தான் தலைப்பு குற்றவாளி. அதே சொல்லைத் தேடி, உங்களுக்கு மேலும் கீழும் இருக்கும் தலைப்புகளைச் சேர்த்து வாசியுங்கள். எல்லோரும் 'சிறந்த', 'நம்பர் 1' என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் அறையில் எத்தனை பேர் தங்கலாம், படகுத் துறைக்கு நடந்து போகலாமா, வேன் நிறுத்த இடம் உண்டா என்று ஒரு உண்மையான தகவலைச் சொல்லுங்கள். பக்கத்துக்குள் இல்லாத எதையும் தலைப்பில் சொல்லக் கூடாது.

கூகுள் மேப்பில் வரும் கடைப் பெயர் வேறு விஷயம். அதற்கும் டைட்டில் டேகுக்கும் தொடர்பில்லை. அங்கே கடைப் பெயரோடு 'பெஸ்ட் ஸ்பைசஸ் தேக்கடி' என்று ஒட்டவைப்பது விதிமீறல், அந்தக் கடைப் பதிவையே முடக்கிவிடவும் கூடும். பலகையில் என்ன பெயரோ அதுதான் அங்கே.

"எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு"

ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதுங்கள். குறுக்குவழி இல்லை. பக்கம் நிறைய இருந்தால் சர்ச் கன்சோலில் அதிகம் காட்டப்படும் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.

"மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை" அல்லது "மாற்றியதும் இறங்கிவிட்டது"

தலைப்பு தரவரிசைக்கு உதவும் பல விஷயங்களில் ஒன்று, அவ்வளவுதான். இரண்டு நாளில் பலன் தெரியாது. கூகுள் வந்து படிக்கவே சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். மாற்றிய தேதியையும் பழைய தலைப்பையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு பக்கத்தில் தலைப்பு, ஹெச்1, படம், விலை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று தெரியாமல் போகும்.

நம் ஊரில் ஒப்பிடும்போது சீசனை மறக்கக் கூடாது. கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் நிறையப் பேர் இந்த வழியாக வருகிறார்கள், தேடலும் அப்போது ஏறும். தை மாதம் இறங்கினால் அது தலைப்பால் அல்ல. ஜனவரிக் கடைசியை டிசம்பரோடு ஒப்பிடாமல் போன வருஷத்து ஜனவரியோடு ஒப்பிடுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கிறது, அதற்கு இது போதும். தளத்தைத் தொடங்கியதுமே அதில் சேர்ந்துவிடச் சொல்வதும் இதனால்தான். சேர்வதற்கு முந்தைய காலத்தின் கணக்கு பெரும்பாலும் கிடைக்காது.

"கூகுளில் சரி, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பழைய தலைப்பு"

வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் முதலில் ஓஜி டைட்டிலைத்தான் படிக்கின்றன, அது இல்லாவிட்டால்தான் டைட்டில் டேகை. எஸ்இஓ ப்ளகினில் சோஷியல் என்ற தனிப் பகுதியில் அது இருக்கும். அங்கேயும் திருத்துங்கள். திருத்திய பிறகும் பழையது வந்தால் ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கரில் முகவரியைக் கொடுத்து ஸ்க்ரேப் அகெய்ன் அழுத்துங்கள்; ஃபேஸ்புக் பகிர்வு புதிதாகிவிடும். வாட்ஸ்அப் சில நேரம் பழையதையே போனில் சேமித்து வைத்திருக்கும். முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் ஒரு எண்ணும் சேர்த்து அனுப்பினால் புதிய இணைப்பாக எடுத்துக்கொண்டு புதிய தலைப்பைக் காட்டும்.